தொல்பொருள்களைத் தொடுதிரையில் காட்டுவது: கேள்வி பதில்

கேள்வி: சுடுமண் பானையின் முப்பரிமாண மாதிரிக்கு எத்தனை போட்டோ வேண்டும்?

பதில்: சுழல்மேசையில் வையுங்கள். கேமராவுக்கு மூன்று உயரம், ஒவ்வொன்றிலும் 10 டிகிரிக்கு ஒரு படம்: சுற்றுக்கு 36, மொத்தம் 108. பிறகு கவிழ்த்து அடிப்பக்கத்துக்கு ஒரு சுற்று. வாய்விளிம்பில் விரிசல் இருந்தால் கவிழ்க்காதீர்கள். பின்னணி வெறும் கறுப்பாக இருக்கட்டும். சுவரோ ஜன்னலோ தெரிந்தால், கேமரா நகரவேயில்லை என்று, படங்களை இணைத்து மாதிரியாக்கும் மென்பொருள் குழம்பி மாதிரியைப் பிய்த்துப் போடும். பக்கத்தில் அளவுகோல் கட்டாயம். இல்லாவிட்டால் கிண்ணமா தாழியா என்றே தெரியாது.

கேள்வி: போன் கேமரா போதுமா?

பதில்: திரையில் காட்டப் போதும். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிடுங்கள். அளவுகோல் வையுங்கள்.

கேள்வி: மெருகேற்றிய கலம் மேடும் பள்ளமுமாக வருகிறதே?

பதில்: பளபளப்பு இடம் மாறுவதால் வரும் கோளாறு. விளக்குக்கு முன்னால் ஒரு போலரைசர் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி). லென்ஸில் இன்னொன்றை மாட்டி, பளபளப்பு மறையும்வரை திருப்புங்கள். பவுடர் தூவலாம் என்பவரைப் பொருளின் கிட்டேயே விடாதீர்கள்.

கேள்வி: தேய்ந்த கல்லெழுத்தைப் பார்வையாளர் படிக்க வழி உண்டா?

பதில்: இதற்கு ஆர்.டி.ஐ. (Reflectance Transformation Imaging): வெவ்வேறு திசை வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒன்றாக்கும் முறை. தகவல் உரிமைச் சட்டம் அல்ல. கேமரா அசையக்கூடாது, விளக்கு மட்டும் கல்லைச் சுற்றி 50 இடங்களுக்குப் போகும். ஒளி வந்த திசையை மென்பொருள் கணக்கிட, கல்லருகே பளபளக்கும் கறுப்புக் கோலி இரண்டு. திரையில் விரலை இழுத்தால் வெளிச்சம் நகரும். சாய்வாக விழும்போது, காணாமல்போன கீறல் நிழலாக எழுந்து நிற்கும்.

கேள்வி: போனில் எடுக்கலாமா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: பாதி உடைந்த தாழியை முழுதாக்கிக் காட்டலாமா?

பதில்: காட்டலாம். நிரப்பிய பகுதி வேறு நிறத்தில் இருக்கட்டும். சான்று எது, ஊகம் எது என்று தெரியவேண்டும் என்பது 2009 லண்டன் சாசனத்தின் (மரபுச் சின்னங்களைக் கணினியில் காட்டுவதற்கான நெறிமுறை) அடிப்படை.

கேள்வி: ஒட்டுப்போட்ட மாதிரி அசிங்கமாக இருக்குமே. மக்கள் முழுப் பானையைத்தானே கேட்கிறார்கள்?

பதில்: கேட்கட்டும். நிரப்பியதை மறைக்கவும் காட்டவும் ஒரு பொத்தான் வையுங்கள். தொடக்கத்தில் உடைந்த நிலையே தெரியட்டும்.

கேள்வி: ஏஐ நிரப்பினால்?

பதில்: அதுவும் ஊகம்தான். நிறம் மாற்றுங்கள்.

கேள்வி: மாதிரி திரையில் திணறுகிறது.

பதில்: மாதிரியின் மேற்பரப்பு சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது. 2 கோடி முக்கோணத்தை அப்படியே ஏற்றியிருப்பீர்கள். 1 லட்சமாகக் குறைத்து, நுணுக்கத்தை நார்மல் மேப்பில் (மேடுபள்ளத்தை வெளிச்சத்தால் காட்டும் படம்) ஏற்றி, எல்லாம் ஒன்றாக அடங்கும் ஜிஎல்பி (GLB) கோப்பாக்குங்கள். 60 விநாடி யாரும் தொடாவிட்டால் முகப்புக்குத் திரும்பட்டும். இல்லையேல் அடுத்தவர் பார்ப்பது பானையின் அடிவயிற்றைத்தான்.

கேள்வி: விஆர் கண்ணாடி?

பதில்: ஒருவர் பார்ப்பார், மீதிப்பேர் வரிசையில் நிற்பார்கள்.

கேள்வி: திரையில் காசும் தாழியும் ஒரே அளவாகத் தெரிகின்றன. ஏன்?

பதில்: அளவுகோல் வைக்கவில்லை, வேறென்ன? வாய்விட்டத்தைக் காலிப்பரில் அளந்து, மாதிரியில் அதே இரு புள்ளிகளுக்கு அந்தத் தூரத்தைக் கொடுங்கள்.