பன்னிரண்டாயிரம் திர்ஹாம்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

வயது 36. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். மாதம் 1,10,000 ரூபாய், சொந்த வீடு. துபாய் அல் கூஸில் ஒரு நிறுவனம் மொத்தமாக 12,000 திர்ஹாம் தருவதாகச் சொல்கிறது. அதில் பேசிக் 4,800, மற்றதெல்லாம் அலவன்ஸ். ஜனவரியில் சேர வேண்டும். மனைவி கணக்கர், மகளுக்கு ஆறு வயது.

அங்கேயிருக்கும் கல்லூரித் தோழன், “வரி கிடையாது, கிட்டத்தட்ட மூணு லட்சம்டா, யோசிக்கவே யோசிக்காதே” என்கிறான். மூன்று வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய மச்சினர் அதை ஏ.சி. போட்ட ஜெயில் என்கிறார். இருவருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. டிசம்பரில் குடும்பத்தோடு ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா? மனைவி தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

எம்., கோவை

அன்புள்ள எம்,

உங்கள் தோழர் தனியாக இருக்கிறாரா, குடும்பத்தோடு இருக்கிறாரா? வாடகையைக் கம்பெனி தருகிறதா? மச்சினர் எந்த ஆண்டு போனார், பேசிக் எவ்வளவு, வங்கிக் கடன் வாங்கியிருந்தாரா? இவை தெரியாமல் துபாயைப் பற்றிக் கேட்கும் எந்த அபிப்ராயத்துக்கும் மதிப்பில்லை. அதே 12,000 வாங்கும் இருவரில் ஒருவர் மாதம் எட்டாயிரம் ஊருக்கு அனுப்புவார், இன்னொருவர் கிரெடிட் கார்டில் பள்ளிக் கட்டணம் கட்டுவார்.

வரி இல்லை என்பது சம்பளத்துக்கு மட்டும் உண்மை. துபாய் எண்ணெயில் வாழும் நகரம் என்று இங்கே பலர் இன்னும் நினைக்கிறார்கள். எண்ணெய் 1966இல் கிடைத்தது, ஆனால் அபுதாபியோடு ஒப்பிட்டால் அது கொஞ்சம்தான். துறைமுகம், விமானம், வணிகம், நிலம் ஆகியவற்றால் ஓடும் ஊர் அது. வருமான வரி வாங்காத அரசு கட்டணங்களாக வாங்கிக்கொள்கிறது. வாடகையில் 5 சதவீதம் ஹவுசிங் ஃபீ, தண்ணீர் மின்சார பில்லோடு மாதாமாதம் வரும். சாலைச் சுங்க வாயில்களைக் கடக்க சாலிக் என்ற கட்டணம், நெரிசல் நேரத்தில் ஒரு தடவைக்கு 6 திர்ஹாம். 2018 முதல் 5 சதவீத வாட். உங்கள் தோழர் இருபத்துச் சொச்சம் ரூபாயால் பெருக்கிக் காட்டிய எண்ணில் இவை எதுவும் கழிக்கப்படவில்லை.

பெரிய செலவு வாடகை. அல் நஹ்தா, குசைஸ் பக்கம் ஒரு படுக்கையறை வீடு ஆண்டுக்கு 60,000 என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். இதைவிடக் கூடவும் போகும். அங்கே வாடகை பெரும்பாலும் மாதாமாதம் கொடுப்பதில்லை, பின்தேதியிட்ட செக்குகளாக முன்பே கொடுத்துவிட வேண்டும். நான்கு செக் என்றால் முதல் செக் 15,000, டெபாசிட் 5 சதவீதம் 3,000, ஏஜெண்டு கமிஷன் வாட்டோடு 3,150, தீவா (மின்சாரம், தண்ணீர்) டெபாசிட் 2,000, எஜாரி (வாடகை ஒப்பந்தத்தை அரசிடம் பதிவது), இணைப்புக் கட்டணம் இரண்டும் சில நூறு. சாவி கைக்கு வருமுன்பே 23,500 போய்விடும், கட்டில் மெத்தை இன்னும் வாங்கவில்லை. முதல் சம்பளத்தில் சமாளிக்கலாம் என்று போகிறவர்கள் இந்த இடத்தில்தான் கடனில் விழுகிறார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வரிசை இருக்கிறது. மருத்துவப் பரிசோதனை முடிந்தால் எமிரேட்ஸ் ஐடி (அங்கே குடியிருப்பவரின் அடையாள அட்டை). அது இருந்தால் வங்கிக் கணக்கு, பிறகு செக் புத்தகம், பிறகு வீடு, எஜாரி, தீவா. எஜாரி கையில் வந்த பிறகுதான் குடும்ப விசா, அதன் பிறகு பள்ளி. எங்கே தடைபட்டாலும் பின்னால் உள்ளது எல்லாம் நிற்கும். ஆகவே முதல் ஒன்றிரண்டு மாதம் கம்பெனி தங்குமிடம் தருமா என்று இப்போதே கேளுங்கள். தராவிட்டால் அந்த ஹோட்டல் செலவையும் கணக்கில் சேருங்கள்.

ஊரிலேயே முடிக்க வேண்டியது சான்றிதழ்கள். டிகிரி, பதிவுத் திருமணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ் மூன்றுக்கும் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வேண்டும். அப்போஸ்டில் (வெளியுறவு அமைச்சகம் தரும் சர்வதேசச் சான்று) மட்டும் போதாது. கோயிலில் கொடுத்த கல்யாண ரசீது செல்லாது. பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் பெயர் இல்லாமலே சான்றிதழ் வாங்கி வைத்திருப்பவர்கள் நிறைய.

இனி மாதக் கணக்கு. வாடகைக்கு ஒதுக்க வேண்டியது 5,000. செக் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், அதனால் மற்ற இரண்டு மாதங்களில் கையில் பணம் புரள்வதுபோல் ஒரு பிரமை இருக்கும். அதை நம்பாதீர்கள். மின்சாரம், தண்ணீர், ஹவுசிங் ஃபீ 250, குளிரூட்டல் எல்லாம் சேர்த்து, ஆண்டு முழுக்கச் சராசரி பார்த்தால் மாதம் 900. ‘சில்லர் ஃப்ரீ’ கட்டடமா, குளிரூட்டலுக்குத் தனி பில்லா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் ஆகஸ்டில் தெரியும். இணையமும் போனும் 450. இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஆண்டுக்கு 12,000 என்று எடுத்தால் மாதம் 1,000, பள்ளி பஸ் 450. மளிகை, காய், பால், எப்போதாவது வெளியே சாப்பாடு 1,800. அங்கிருந்து அல் கூஸுக்கு மெட்ரோவில் போக எல்லா மண்டலங்களுக்குமான நோல் மாதச் சீட்டு 350. கூட்டினால் 9,950. மிச்சம் 2,050, அதாவது ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய். அதிலிருந்துதான் ஆண்டு விடுமுறைக்கு மூன்று டிக்கெட், மனைவி மகள் மருத்துவக் காப்பீடு, விசாக் கட்டணங்கள். துபாயில் ஊழியரின் காப்பீடுதான் கம்பெனியின் கட்டாயம், குடும்பத்துடையது ஸ்பான்சர் தலையில், அதாவது உங்கள் தலையில்.

கோவையில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு 1,10,000 வாங்கும் ஒருவருக்கு இது சம்பள உயர்வே அல்ல.

தனியாகப் போனால் கணக்கு தலைகீழ். பகிர்வு அறையில் 1,500, சாப்பாடு, போக்குவரத்து, போன் சேர்த்து 3,500 முதல் 4,000க்குள் அடங்கிவிடும். எட்டாயிரம் மிஞ்சும். உங்கள் தோழர் இந்தக் கணக்கில் வாழ்கிறார் என்பது என் ஊகம். பகிர்வு அறை எடுப்பதிலும் ஒரு எச்சரிக்கை. ஒரே வீட்டை ஜிப்சம் பலகையால் துண்டு துண்டாகத் தடுத்து விடும் ‘பார்ட்டிஷன்’கள் அனுமதி இல்லாதவை. 2025 ஜூனில் ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா பகுதிகளில் நகராட்சி இவற்றைப் பிரித்தெறிந்தபோது வாடகைக்கு இருந்தவர்கள் இரவோடிரவாக இடம் தேட வேண்டியதாயிற்று. ஒப்பந்தத்தில் உங்கள் பெயர், குறைந்தபட்சம் உடன் தங்குபவராகவாவது, பதிவாகியிருக்க வேண்டும்.

மொத்தத் தொகையைவிட என்னை உறுத்தியது உங்கள் பேசிக். 12,000க்கு 4,800 என்பது 40 சதவீதம். பணி முடிந்து வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி பேசிக்கை வைத்துத்தான்: முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் பேசிக், அதற்குமேல் 30 நாள். ஓராண்டு முடியாமல் ஒன்றும் கிடையாது. 4,800க்கு ஆண்டுக்கு 3,360, ஐந்தாண்டில் 16,800. பேசிக் 7,200 ஆக இருந்தால் 25,200. வேலையிழப்புக் காப்பீடும் அப்படியே. 2023 முதல் அது கட்டாயம், உங்கள் நிலையில் மாதம் 5 திர்ஹாம்தான். ஆனால் பன்னிரண்டு மாதம் கட்டியிருந்து, நீங்களாக ராஜினாமா செய்யாமல் வேலை போனால் மட்டும், பேசிக்கில் 60 சதவீதம் மூன்று மாதத்துக்குக் கிடைக்கும். 4,800இல் 60 சதவீதம் 2,880. அது வாடகைக்கே போதாது. ஆகவே சம்பளத்தைக் கூட்டச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட, அதே 12,000க்குள் பேசிக்கை 60 சதவீதமாக்கச் சொல்லுங்கள். கம்பெனிக்கு உடனடிச் செலவு இல்லாததால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். குடும்பக் காப்பீடு, ஆண்டு டிக்கெட் இரண்டையும் ஆஃபர் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை அங்கே காசு பெறாது.

கையெழுத்திட வேண்டியது அமீரக மனிதவள அமைச்சகத்தின் அச்சடித்த ஆஃபர் படிவத்தில். அரபியும் ஆங்கிலமும் போக மூன்றாவதாகத் தொழிலாளியின் மொழியிலும் அது உண்டு, தமிழும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, கேட்டு வாங்கிப் படியுங்கள். தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் உங்களை அனுப்ப நினைத்தால் 14 நாள் நோட்டீஸ் போதும். விசா, வேலைவாய்ப்புச் செலவை ஊழியரிடம் பிடிக்க 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் இடமில்லை. இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், அவர் பதிவுபெற்றவரா என்று இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம்.

மச்சினர் சொன்ன ஜெயிலுக்கு வருகிறேன். உங்கள் தோழர் சிரிப்பார், ஆனால் சட்டப்படி அதில் ஓர் உண்மை இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து சம்பளம் விழ ஆரம்பித்ததும் வங்கியிலிருந்து தேன் ஒழுகும் குரலில் போன் வரும். அமீரக மத்திய வங்கி விதிப்படி தனிநபர் கடன் சம்பளத்தைப்போல் 20 மடங்கு வரை, 48 மாதத் தவணை, சம்பளத்தில் பாதி வரை பிடித்தம். உங்களுக்கு அது 2,40,000 திர்ஹாம் வரை வரும். வேலை போய்க் கடைசிச் செட்டில்மெண்ட் கணக்கில் விழுந்தால் வங்கி அதை நிறுத்தி வைத்துக்கொள்ளும். கடன் பாக்கி 10,000 திர்ஹாமைத் தாண்டினால் பயணத் தடை கேட்டு நீதிமன்றம் போகலாம். விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் பலர் இப்படி மாட்டியவர்கள்தான். செக் திரும்புவது 2022 முதல் பொதுவாகக் குற்ற வழக்கு இல்லை, ஆனால் அந்தச் செக்கை வைத்தே நேராக வசூல் நடவடிக்கைக்குப் போகலாம். வேண்டுமென்றே கணக்கை மூடினாலோ பணம் கொடுக்காதே என்று வங்கிக்குச் சொன்னாலோ இன்றும் குற்றம்தான். ஊரில் வீடு கட்ட அங்கே கடன் வாங்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

வீட்டுக்காரரோடு பிரச்சினை வந்தால் சட்டம் ஓரளவு உங்கள் பக்கம். வாடகை ஏற்றுவதென்றால் ஒப்பந்தம் முடிய 90 நாளுக்கு முன்பு சொல்ல வேண்டும், ஏற்றும் அளவும் அரசின் வாடகைக் குறியீட்டைப் பொறுத்தது. 2013ஆம் ஆண்டு ஆணைப்படி, உங்கள் வாடகை அந்தப் பகுதிச் சராசரியைவிட 10 சதவீதம் வரை மட்டுமே குறைவென்றால் ஏற்றவே முடியாது. 40 சதவீதத்துக்கும் மேல் குறைவென்றால்தான் உச்ச அளவான 20 சதவீதம் ஏற்றலாம். சொந்த உபயோகத்துக்கோ விற்கவோ காலி செய்யச் சொன்னால் நோட்டரி வழியாகவோ பதிவுத் தபாலிலோ 12 மாத நோட்டீஸ். வாட்ஸ்அப்பில் வந்தது நோட்டீஸ் ஆகாது. வாட்ஸ்அப்பில் பேசவும் முடியாது, அழைப்புகள் அங்கே அடைபட்டவை. பாட்டியிடம் மகள் பேச போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலியை ஊரிலேயே பாட்டியின் போனில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஷார்ஜாவில் வாடகை குறைவாயிற்றே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். குறைவுதான். அங்கிருந்து துபாய்க்கு வரும் அல் இத்திஹாத் சாலையில் காலை ஏழு மணிக்கு நிற்கும் வண்டிகளில் இருப்பவர்களும் அதே கணக்குப் போட்டவர்கள்தான். இந்திய ஓட்டுநர் உரிமத்தை அப்படியே மாற்றிக்கொள்ளவும் முடியாது. அங்கே தேர்வு எழுதி, சாலைத் தேர்வில் தேற வேண்டும். ஒவ்வொரு முறை தவறும்போதும் கூடுதல் வகுப்பு, கூடுதல் பணம்.

டிசம்பர் பயணம் பற்றி. டிசம்பரில் யார் போனாலும் துபாய் பிடிக்கும். அந்த ஊர் தன்னை நன்றாகக் காட்டிக்கொள்ளும் மாதம் அது. திறந்தவெளி வேலைக்கு ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 வரை சட்டமே தடை போடுகிறதென்றால் வெயிலைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த மாதங்களில் உங்கள் மகள் விளையாடுவது மாலுக்குள்தான். போவதானால் ஆடம்பரமான துபாய் மரீனாவில் அறை எடுக்காமல் குசைஸில் எடுங்கள். வேலைநாளில் காலை ஏழு மணிக்கு அங்கிருந்து அல் கூஸ் வரை மெட்ரோவிலும் பஸ்ஸிலும் போய்ப் பாருங்கள். தெரிந்த குடும்பத்திடம் ஆகஸ்ட் மாத பில்லைக் கேட்டுப் பாருங்கள். பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு இடம் இருக்கிறதா என்று நேரில் கேளுங்கள், குறைந்த கட்டணப் பள்ளிகளில் அது எளிதல்ல. விசிட் விசாவில் ஒரு நாள்கூட வேலை செய்யாதீர்கள், தங்கும் காலம் மீறினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம்.

ஜனவரியில் சேர்வதில் இன்னொரு சிக்கல் உண்டு. நிதியாண்டில் 182 நாளுக்கு மேல் இந்தியாவில் இருந்திருப்பீர்கள், எனவே அந்த ஆண்டு வருமான வரிக்கு நீங்கள் உள்நாட்டவரே. ஜனவரி முதல் மார்ச் வரை துபாயில் வாங்கும் சம்பளத்தையும் இங்கே கணக்குக் காட்டி வரி கட்ட வேண்டும். ஏப்ரலில் சேர அவர்கள் ஒத்துக்கொண்டால் இது இல்லை. போனபின் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக (வெளிநாடுவாழ் இந்தியரின் உள்ளூர்க் கணக்கு) மாற்றி, அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு தொடங்குங்கள், அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை.

என் தீர்ப்பைக் கேட்டால்: இந்தச் சம்பளத்தில், இந்தப் பேசிக்கில், முதல் நாளே குடும்பத்தோடு போகாதீர்கள். பேசிக் உயர்ந்தால் தனியாகப் போய்த் தகுதிகாண் காலத்தை முடியுங்கள். அதற்குள் மனைவி அங்கே வேலைக்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப விசாவில் இருப்பவரும் வேலை அனுமதி பெற்று வேலை செய்ய முடியும், கணக்கருக்குத் தேவை உண்டு. இரண்டாவது சம்பளம் வந்தால்தான் மேலே போட்ட கணக்கு மாறும். பேசிக்கை உயர்த்த மறுத்தால் கோவையிலேயே இருங்கள்.

மாத்திரை விஷயம். டிராமடால், கோடின் கலந்த வலி மருந்துகள், டயாசிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. மனைவியின் சீட்டில் இந்த வகை ஏதாவது இருந்தால் கிளம்புமுன் அமீரக அரசின் தளத்தில் அனுமதி வாங்கி, மருத்துவர் கடிதத்தோடும் அசல் அட்டையோடும் கைப்பையில் எடுத்துச் செல்லட்டும். பெட்டி கட்டும் மாமியாரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: குருமாவுக்கென்று கசகசா வைக்க வேண்டாம், அங்கே அது போதைப்பொருள் பட்டியலில் வருவது. வெற்றிலையும் வேண்டாம்.