வெந்நீர் ஊத்துக்கு அத்தையக் கூட்டிட்டுப் போலாமா?

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரர் மாட்ரிட்ல வேலை பாக்குறார். அக்டோபர்ல அத்தையக் கூட்டிக்கிட்டு நான் அங்க போறேன், அத்தைக்கு முழங்கால் வலி. ஓரென்சேன்னு ஒரு ஊர்ல வெந்நீர் ஊத்து இருக்காமே, ராமேஸ்வரத்துல 22 தீர்த்தம் ஆடுற மாதிரி அங்க முங்கினா வலி போயிருமான்னு கேக்குறாங்க.
- வாசகி, பாம்பன்

பதில்: கண்டிப்பா கூட்டிட்டுப் போம்மா, ஆனா வலி போயிரும்னு ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போகாத. சூட்டுத் தண்ணில இருக்குற வரைக்கும் மூட்டு இளகி இதமா இருக்கும், அவ்வளவுதான். பிரஷர், ஹார்ட் பிரச்சன இருந்தா மொதல்ல டாக்டர்ட்ட கேட்டுரு. நம்மூர்ல வாளில மோந்து தலைல ஊத்துன கையோட அடுத்த கெணத்துக்கு ஓடணும்ல, அங்க ஓட்டமே கிடையாது, பத்து நிமிஷம் உக்காந்து, ஏறி காத்து வாங்கி, தண்ணி குடிச்சு, அப்புறம் திரும்ப இறங்கணும். எல்லாரும் நீச்சல் உடைலதான் இறங்குவாங்க, அதை அத்தைட்ட இங்கயே சொல்லி மனசத் தயார் பண்ணிரு.

மாட்ரிட்ல இருந்து 2021 டிசம்பர்லயே அதிவேக ரயில் வந்துருச்சு, ரெண்டே கால் மணி நேரந்தான். அக்டோபர் நல்ல மாசம், கோடைல அந்த ஊர் 40 டிகிரி தாண்டி வேகும்.

ஊருக்கு நடுவுல அஸ் புர்காஸ்னு ஊத்து, ரோமர் காலத்துல இருந்தே ஆளுங்க கும்புட்ட எடம். கல்லுக் குழாய்ல விழுற தண்ணி 60 டிகிரிக்கு மேல, நான் ஒரு விரல நீட்டி வெடுக்குனு இழுத்துக்கிட்டேன், முந்தி கோழி ரோமம் புடுங்கக்கூட அதைத்தான் எடுத்தாங்களாம். குளிக்க மினோ ஆத்தோரமா அவுட்டாரிஸ் வெந்நீர்க் குளத்துப் பக்கம் போங்க. காலைல ஆத்து மேல பனி, குளத்து மேல ஆவி, ரெண்டும் கலந்து எதிர்க்கரை தெரியாது. கல்லு வழுக்கும், அத்தை கையை விடாத. வெள்ளம் வந்தா மூடிருவாங்க, அதனால விசாரிச்சுட்டுப் போங்க.

ரெண்டு நாள் தாராளமா போதும். ரோமர் அஸ்திவாரத்து மேல நிக்கிற பழைய பாலத்துல சாயங்காலம் நடங்க, தேவாலயத்துல சாயம் பூசுன கல் சிற்ப வாசலை விட்டுராதீங்க. ஸ்பெயினோட வடமேற்குல இருக்குற கலீசியாவுலயே கடல் இல்லாத மாகாணம் ஓரென்சே ஒண்ணுதான், ஆனா பேய்க்கணவாய், அதான் ஆக்டோபஸ், அங்க அவ்வளவு இஷ்டம். செப்புப் பானைல வேக வச்சு, கத்திரியால வெட்டி, மரத்தட்டுல கல்லுப்பு, மிளகாத்தூள், ஆலிவ் எண்ணெய் ஊத்தித் தருவாங்க. பாம்பன்காரி நீ, ஒரு வாய்லயே பக்குவம் தெரிஞ்சிரும், சாப்ட்டுட்டு எனக்கு எழுது.