22 டிகிரி 26 ஆனால் வளைவு கூடிவிட்டதா?

கேள்வி: 12 வயது மகளின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. ஆறு மாதம் முன்பு எக்ஸ்ரேயில் 22 டிகிரி; இப்போது வேறொரு டாக்டர் 26 என்கிறார். கூடிவிட்டதா?

பதில்: இந்த 4 டிகிரியை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது, பதற வேண்டாம். இந்த டிகிரி, வளைவின் அளவைக் காட்டும் காப் கோணம் (Cobb angle). அதை அளக்க, வளைவின் இரு முனைகளிலும் அதிகம் சாய்ந்த முள்ளெலும்புகளைத் தேர்ந்தெடுத்து, மேல் எலும்பின் மேல்விளிம்பிலும் கீழ் எலும்பின் கீழ்விளிம்பிலும் கோடு போடுவார்கள். ஒருவர் டி5 (மார்புப் பகுதியின் ஐந்தாவது முள்ளெலும்பு) எடுப்பார், இன்னொருவர் அதற்கு அடுத்த டி6. கணக்கு பெரும்பாலும் அங்கேதான் மாறுகிறது. விளிம்பு மங்கலாக இருந்தால் கோடும் சாயும். அதனால் 5 டிகிரிக்குள் வரும் வித்தியாசம் அளவுப் பிழையாகவும் இருக்கலாம்.

பழைய படத்தையும் கொண்டுபோங்கள். ஒரே டாக்டர் இரண்டு படங்களையும் அதே எலும்புகளை வைத்து அளக்கட்டும். இனி நின்றபடி, முடிந்தவரை ஒரே வேளையில் படம் எடுங்கள். மாலையில் வளைவு சற்றுக் கூடித் தெரியலாம். வளரும் வயது என்பதால் அடுத்த பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.