போனில் பேசுகிற ஹெட்செட் கம்ப்யூட்டரில் ஏன் ஊமையாகிறது?

திருமங்கலத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: துபாயில் இருக்கும் மகன் பேசுவது டெஸ்க்டாப்பில் நன்றாகக் கேட்கிறது, நீங்கள் பேசுவது மட்டும் அவருக்குப் போகவில்லை, அதே ஹெட்செட் போனில் வேலை செய்கிறது.

அப்படியானால் நெட்டைச் சந்தேகப்பட வேண்டாம். ஹெட்செட் பின்னின் முனையைப் பாருங்கள். உலோகத்தைப் பிரிக்கிற மெல்லிய பிளாஸ்டிக் வளையம் மூன்று இருந்தால் அது போனுக்கான பின். கேட்பதும் பேசுவதும் அந்த ஒன்றிலேயே. டெஸ்க்டாப்பின் பின்பக்கத்தில் பெரும்பாலும் பச்சை ஓட்டை கேட்பதற்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. பச்சையில் மட்டும் செருகினால் காதில் கேட்கும், உங்கள் குரல் எங்கும் போய்ச் சேராது. நான் பார்த்தவற்றில் பாதி இந்தக் கோளாறுதான்.

ஹெட்செட்டுக்கு ஓர் ஓட்டை, மறுமுனையில் இரண்டு பின் உள்ள ஸ்ப்ளிட்டர் வேண்டும். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வாங்கப் போனால் ஹெட்செட்டையும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு பேர் சேர்ந்து பாட்டுக் கேட்கிற ஸ்ப்ளிட்டரும் பார்க்க ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், ஆனால் அதில் ஒரு பின், இரண்டு ஓட்டை. ஒரு முறை எனக்கு அதைத்தான் தலையில் கட்டினார்கள்.

கேபினட்டின் முன்பக்க ஓட்டையை நம்பாதீர்கள். உள்ளே அதன் ஒயரை மதர்போர்டில் மாட்டாமலே விட்டிருக்கலாம்.

அப்புறம் விண்டோஸ் செட்டிங்ஸில் சவுண்ட், அதில் இன்புட். சரியான மைக்கைத் தேர்ந்தெடுத்து "ஹலோ" சொல்லுங்கள். பட்டை ஆடினால் கம்ப்யூட்டருக்குக் கேட்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகும் மகனுக்குக் கேட்கவில்லையா? பிரைவசி பகுதியில் மைக்ரோபோன் அனுமதியைப் பாருங்கள். கால் செய்யும் ஆப், ஹெட்செட்டை விட்டுவிட்டு வெப்கேம் மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு.