பயிற்சி முகாமில் முதுகுவலி: மறைக்கலாமா?

கேள்வி: நாங்கள் ரப்பர் பால் வெட்டும் குடும்பத்தினர். அக்னிவீரராகத் தேர்வான என் மகன், வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சி பெறுகிறான். சில வாரங்களாக அவனுக்குக் கீழ்முதுகில் வலி. எம்.ஐ. ரூமுக்கு (முகாமின் மருத்துவ அறைக்கு) போனால் அடுத்த பேட்சில் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து, வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுகிறானாம். எங்கள் ஊர் வர்ம ஆசானின் தைலத்தை அனுப்பலாமா? விடுப்பில் வரும்போது தடவலுக்கு அழைத்துச் செல்லலாமா?
– ஒரு தாய், குலசேகரம்

பதில்: அம்மா, தைலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் வலியை மட்டுப்படுத்துமே தவிர, ஓய்வு தேவைப்படும் இடத்துக்கு ஓய்வைத் தராது. வியர்வை வழிய ஓடும் நாட்களில் போதிய நீர் அருந்தாமல் அவற்றைத் தொடர்ந்து விழுங்கினால் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

பழக்கமில்லாத ஓட்டமும் டிரில்லும் பிட்டு (ராணுவ முதுகுப்பை) சுமந்து நடப்பதும் ஒரே நேரத்தில் உடலின் மேல் விழுவதால் வரும் வலி பெரும்பாலும் தசைப்பிடிப்புதான்; சுமையைக் குறைத்து, படுத்தே கிடக்காமல் மெல்ல நடமாடினால் சில வாரங்களில் அடங்கிவிடும். ஆனால் இந்த வயதில், முதுகெலும்பின் பின்பகுதியில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் மெல்லிய விரிசல் ஏற்படுவதும் உண்டு. பின்பக்கம் வளையும்போது வலி கூடினால் அந்தச் சந்தேகம் எழ வேண்டும். தொடக்க நிலையில் இது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம் என்பதால், ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பேட்ச் மாறும் அச்சம் வீணானது என்று சொல்ல மாட்டேன். நீண்ட நாள் பயிற்சி தவறினால் அப்படி நேர்வதுண்டு. ஆயினும், இப்போதே சொன்னால் சில நாள் இலகுப் பணியோடு முடியக்கூடிய வலியை மறைத்து ஓடி, விரிசலைப் பெரிதாக்கிக்கொண்டால், அவன் அஞ்சும் அதே நிலைக்குத்தான் போய்ச் சேர்வான். நாளைக் காலையே சிக் ரிப்போர்ட் கொடுக்கச் சொல்லுங்கள், அதாவது உடம்பு சரியில்லை என்று மருத்துவ அறையில் தெரிவிக்கட்டும். விழுங்கிய மாத்திரைகளையும் அங்கே மறைக்காமல் சொல்லட்டும். பிட்டுவில் கனமான பொருள்கள் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். வார்கள் தளர்ந்து தொங்கக் கூடாது.

வர்ம மருத்துவம் குமரி மண்ணில் வேரூன்றிய மரபு. அதை நான் குறைத்துப் பேசவில்லை. தைலத்தை இதமாகத் தேய்ப்பதில் தவறில்லை, முகாம் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். ஆனால் எலும்பில் விரிசல் இல்லை என்று உறுதியாகும்வரை முதுகை அழுத்தித் தடவவோ முறுக்கவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். விடுப்பில் வந்த பிறகும் வலி இருந்தால், முகாமில் கொடுத்த மருத்துவச் சீட்டுகளுடன் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் அவனிடம் தொலைபேசியிலேயே அழுத்திச் சொல்லுங்கள்: கால் பலவீனமானாலோ, தொடை இடுக்கு மரத்துப் போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, நள்ளிரவானாலும் உஸ்தாதை (பயிற்சியாளரை) எழுப்பி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.