நாகப்பட்டினம் தெரியணுமே!

அன்புள்ள ஐயா,

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. ஆறாவது வரை கணக்கு என்றால் உயிர். இப்போது நோட்டைத் திறந்தாலே முகம் சுருங்குகிறது. ‘இதெல்லாம் எதுக்கு?’ என்கிறான். கடை வரவு செலவு, வங்கி வட்டி என்று பயன்களைச் சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. டியூஷனை மாற்றிவிடலாமா?

ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள சகோதரிக்கு,

பதினான்கு வயதில் வங்கி வட்டி யாரை இழுக்கும்? ‘எதுக்கு?’ என்று அவன் கேட்பது பயன் தெரியாமல் அல்ல என்றே நினைக்கிறேன். நாலு பேர் முன்னால் தப்பாகச் சொல்லி அசடு வழிவதைவிட, ‘எனக்குப் பிடிக்கல’ என்று ஒதுங்குவது அந்த வயதில் கௌரவம்.

போன மாதம் எங்கள் தெருப் பிள்ளைகளோடு கடலூர் சில்வர் பீச் போயிருந்தேன். கடல் முடிகிற கோடு எவ்வளவு தூரம் என்று ஒருத்தி கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை (எனக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்). பத்தாவது படிக்கிறவள் ஈர மணலில் குச்சியால் பூமியை வட்டமாக வரைந்தாள். கண்ணிலிருந்து வட்டத்துக்கு ஒரு தொடுகோடு, தொட்ட இடத்துக்கு மையத்திலிருந்து ஓர் ஆரம். செங்கோண முக்கோணம் வந்துவிட்டது, அப்புறம் பிதாகரஸ்தான். ஆரம் 6,371, கண் உயரம் 1.5. போனில் தட்டினால் 138 கிலோமீட்டர். எல்லோரும் கைதட்ட, அதுவரை பேசாமல் நின்ற ஒரு பையன், “அப்டின்னா நாகப்பட்டினமே தெரியணுமே!” என்றான். நேர்கோட்டில் நாகை இங்கிருந்து ஏறக்குறைய 110 கிலோமீட்டர்தானே. பிறகு பத்து நிமிடம் ஒரே சண்டை. மீட்டரைக் கிலோமீட்டராக மாற்றாமலே போட்டிருக்கிறார்கள்! திருத்தியதும் 4.4 வந்தது. அதற்குள் அலை வந்து பூமியை அழித்துவிட, மொட்டை மாடி உயரத்துக்கு மறுபடி வரைந்தார்கள். அந்தத் தப்பை நான் சொல்லியிருந்தால் எல்லாரும் ஐஸ்கிரீம் வண்டிக்குப் போயிருப்பார்கள்.

திரும்பும்போது நம் பக்கத்துக் கதை ஒன்று சொன்னேன். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாக்கியங்களை (எண்களைச் சொற்களாக மாற்றிவைத்த வரிகள்) கொண்டே 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் என்ற வானியலாளர் எழுதிவைத்திருக்கிறார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம், முடியும் நேரத்தில் 52. நான் அந்த நாலைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். பிள்ளைகள் 52ஐப் பிடித்துக்கொண்டார்கள்: “எந்த எடத்துல சார் கோட்டை விட்டாரு?”

டியூஷன் மாற்றுவதென்றால் மாற்றுங்கள். சேர்க்கும் முன் வாசலில் பத்து நிமிடம் நின்று, உள்ளே பிள்ளைகள் குரலும் கேட்கிறதா என்று பாருங்கள்.