12ஆம் தேதி மஞ்சள் காய்ச்சல் ஊசி, 18ஆம் தேதி உகாண்டா விமானம்: போகலாமா?

18ஆம் தேதி போக முடியாது. ஊசிக்கான சான்றிதழ், அதாவது மஞ்சள் அட்டை, ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லும். உங்களுக்கு அது 22. டிக்கெட்டை உடனே 22க்கோ அதற்குப் பிறகோ மாற்றுங்கள்.

ஊசி போட்ட தேதியையே செல்லத் தொடங்கும் தேதி என்று எண்ணியிருப்பீர்கள். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

மஞ்சள் அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா? மருந்தின் பேட்ச் எண், மருத்துவர் கையெழுத்து, மையத்தின் முத்திரை மூன்றும் தெளிவாக உள்ளனவா? முத்திரை மங்கலாக இருந்தால் அதே மையத்துக்குப் போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள். தேதியை மட்டும் யாரும் திருத்த விடாதீர்கள், அட்டையே செல்லாமல் போய்விடும்.

அட்டை ஆயுளுக்கும் செல்லும். ஆனால் இந்த ஊசி மலேரியாவைத் தடுக்காது. பள்ளியில் தன்னார்வப் பணிக்குப் போகும் நீங்கள் அங்கே மாதக்கணக்கில் தங்குவீர்கள். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, கிளம்பும் முன்பே தொடங்குங்கள்.